ஸ்ரீரங்கப்பட்டணம் திப்பு மாளிகை: 81 வயது அப்பிச்சியைக் கூட்டிப் போகலாமா?

மல்பெரித் தோட்டம் (கோபி பக்கம்)

வணக்கமுங்க. இந்தத் தடவைக் கூட்டை முந்தாநாள் ராம்நகரம் மார்க்கெட்டில் போட்டாச்சு. அடுத்த சாக்கிப் புழு (இளம் பட்டுப்புழு) வர இன்னும் ஒன்பது நாள் இருக்கு. பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், வருஷத்தில் இப்படி நாலைந்து இடைவெளிதான் கிடைக்கும். செட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தது போக, மிச்ச நாளில்தான் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாம்.

இந்த இடைவெளியில் அப்பிச்சியை ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப் போகலாம் என்று இருக்கேன். அம்மாவைப் பெற்ற அப்பிச்சி. 81 வயசு. சொந்த ஊர் ஓடாநிலைக்குப் பக்கம். ஆடிப் பதினெட்டு ஆனால் எங்கே இருந்தாலும் கிளம்பிப் போய் தீரன் சின்னமலை மண்டபத்தில் நின்றுவிட்டு வருவார். "சின்னமலை போய் ஒத்தாசை பண்ணுன திப்புவோட ஊட்டை நான் இன்னும் பார்க்கலையே" என்பதை ஐந்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கார். போன மாசம் ஒருக்கா கீழே விழுந்து எழுந்ததிலிருந்து அதையும் சொல்வதில்லை. அதனால்தான் அவசரம்.

நான் காலேஜ் படிக்கும்போது டூர் பஸ்ஸில் ஒரு தடவை போனேன். இருபது நிமிஷம் விட்டார்கள். வெயில், பச்சை நிறத்தில் தொங்கிய திரை, வரிசை, வெளியே வெள்ளரிக்காய். ஞாபகத்தில் இருப்பது இவ்வளவுதான். உள்ளே என்ன பார்த்தேன் என்று அப்பிச்சி கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கேள்விகள்: அவருக்கு முட்டி வலி, கைத்தடியோடு நடப்பார், படி அதிகமா? என் பையனுக்கு ஒன்பது வயசு, அவனுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது உண்டா? அங்கே சின்னமலையைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறார்களா? இல்லை என்றால் முன்னாலேயே தெரிந்தால் நல்லது. அவர் அதைத்தான் தேடுவார்.

—

27 வளைவு (சத்தியமங்கலம்)

அம்மிணி, நான் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். திம்பம் வழியாக மைசூர் வண்டி பல வருஷம் ஓட்டியிருக்கேன். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மைசூரில் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் மற்றவர்கள் சீட்டு விளையாடுவார்கள், நான் டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போய்விடுவேன். 15 கிலோமீட்டர் சொச்சம்தான். இருபது தடவைக்கு மேல் அந்த மாளிகையைப் பார்த்திருப்பேன். முதல் ஐந்து தடவை நானும் உங்களைப் போலத்தான், திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

முதலில் வழி. பண்ணாரியில் ராத்திரி நேரத்தில் வண்டி விடமாட்டார்கள், காலை ஆறுக்குத்தான் மேலே ஏறலாம். வெள்ளனவே கோபியில் கிளம்பி ஆறு மணிக்கு செக்போஸ்ட்டில் நில்லுங்கள். 27 கொண்டை ஊசி வளைவு, பெரியவருக்கு வயிற்றைப் புரட்டும், வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். ஆசனூரில் ஒரு டீ. சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு, மைசூர், அப்புறம் ஸ்ரீரங்கப்பட்டணம். நின்று நிதானமாகப் போனாலும் பதினொன்றுக்குள் சேரலாம். திரும்பும்போதும் பொழுதோடு மலை இறங்குகிற மாதிரி கிளம்பிவிடுங்கள். இல்லையென்றால் மைசூரிலேயே தங்கிவிடுவது நல்லது. 81 வயசு என்றால் நான் தங்கத்தான் சொல்வேன்.

நீங்கள் போகிற வீட்டுக்குப் பேர் தரியா தௌலத். திப்பு 1784-இல் கட்டி முடித்த கோடைக்கால மாளிகை. கோட்டைக்கு வெளியே, தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. முக்கால்வாசி தேக்கு மரம். தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த மேடையில் இருக்கு, ஏறுகிற படி சில படிதான். கைத்தடியோடு ஏறிவிடலாம். ஆனால் கேட்டிலிருந்து மாளிகை வரை நீளமான நடை, நிழல் குறைவு. குடை எடுத்துப் போங்கள். கட்டணம் நான் கடைசியாகப் போனபோது 25 ரூபாய், 15 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இல்லை. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

நீங்கள் பார்த்த அந்தப் பச்சைத் திரை சும்மா இல்லை. நாலு பக்கமும் தாழ்வாரம், அதன் சுவர் முழுக்க ஓவியம். வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்றுதான் திரையைத் தொங்க விட்டிருக்கிறார்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயிலில் நடந்து வந்து உள்ளே நுழைந்தவுடன் சுவரில் ஒன்றும் தெரியாது, பழுப்பு நிறத்தில் ஏதோ கசகசவென்று இருக்கும். கூட்டம் அப்படியே உள்ளே போய்விடும். நீங்கள் போகாதீர்கள். மேற்குப் பக்கத் தாழ்வாரத்தில், நுழையும்போது வாசலுக்கு இடது கைப் பக்கச் சுவர் முன்னால் சித்த நேரம் சும்மா நில்லுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். கண் பழகப் பழக முதலில் குதிரைக் கால்கள் தெரியும். அப்புறம் சிவப்புச் சட்டை. அப்புறம் சுவர் முழுக்கச் சண்டை.

அது 1780 செப்டம்பர் 10-ந் தேதி நடந்த சண்டை. மைசூர்ப் பக்கம் எங்கேயோ நடந்தது என்று நினைக்காதீர்கள், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். வெள்ளைக்காரன் வாயில் பொள்ளிலூர் ஆகிவிட்டது. அதற்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை முறியடித்ததாகச் செப்பேட்டில் வருகிற அதே புள்ளலூர்தான். சில ஊர்களுக்கு இப்படி ஒரு தலையெழுத்து. கும்பினியின் (வெள்ளைக்காரனுடைய கிழக்கிந்தியக் கம்பெனி) கர்னல் பெய்லி கிட்டத்தட்ட 3,800 பேரோடு சிக்கிக்கொண்டார். அவர்கள் தளபதி மன்றோ பெரிய படையோடு பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தார், நேரத்துக்கு வந்து சேரவில்லை. திப்புவின் அப்பா ஹைதரும் திப்புவும் நாலு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள்.

சுவரில் இதைத் தேடுங்கள்: நடுவில் கும்பினிப் படை சதுரமாக நிற்கும். அதற்குள் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறும். அதன் பக்கத்தில் ஒரு பல்லக்கு. பல்லக்குக்குள் காயம்பட்ட பெய்லி உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பார். அந்த விரலை நான் ஏழாவதோ எட்டாவதோ தடவைதான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு அந்தச் சுவர் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே முகத்தோடு சண்டை போட, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் படம் வரைந்தவன் பயத்தை வைத்திருக்கிறான்.

வாசலுக்கு வலது கைப் பக்கச் சுவரில் ஹைதரும் திப்புவும் ஊர்வலமாக வருவார்கள். திப்பு ரோஜாப்பூவை மோந்துகொண்டு வருவார், ஏதோ தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிற மாதிரி.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: மீசை. மைசூர்க்காரர்களுக்கு மீசை இருக்கும், வெள்ளைக்காரர்கள் மொழுமொழுவென்று மழித்திருப்பார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று மீசையை வைத்தே சொல்லிவிடலாம். அப்புறம் மேல் மூலையில் ஹைதராபாத் நிஜாம் படை வரும். சண்டை முடிகிற நேரத்துக்கு வந்தவர்கள் என்று கிண்டல் செய்து பக்கத்தில் ஒரு பன்றியையும் ஒரு பசுவையும் வரைந்திருப்பதாக வழிகாட்டிகள் சொல்வார்கள். அதையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் நகரமாட்டான்.

கிழக்குப் பக்கச் சுவரில் சண்டை இல்லை, அரசவைகள். தஞ்சாவூர் ராஜா ஒருவர் இருக்கிறார். கூட்டம் குறைவாக இருக்கும், பெரியவர் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ள அந்தப் பக்கத் தாழ்வாரம் நல்லது.

சின்னமலை பற்றிக் கேட்டீர்கள். நான் பார்த்தவரை அங்கே அவர் பேர் இல்லை. ஓவியத்திலும் இருக்க வழியில்லை, சின்னமலை பிறந்தது 1756, புள்ளலூர்ச் சண்டையின்போது 24 வயசு, அப்போது அவர் திப்பு பக்கமே போகவில்லை. அதை முன்னாலேயே பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்தால் முகம் வாடிவிடும்.

—

பனியன் கம்பெனி அக்கா (திருப்பூர்)

டிரைவர் அண்ணா சொன்னதெல்லாம் சரி. பிள்ளைகளோடு போனவள் என்ற முறையில் சிலது சேர்க்கிறேன்.

வழிகாட்டி வைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் பேசிவிட்டு வையுங்கள். நாங்கள் போனபோது ஒருத்தர் பேரம் பேசி வந்தார். தமிழ் தெரியும் என்றார். தெரிந்தது "வாங்க வாங்க, சீக்கிரம் சீக்கிரம்" மட்டும்தான். பதினைந்து நிமிஷத்தில் வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, அவருடைய சொந்தக்காரர் கடையில் சந்தன மாலை வாங்கச் சொன்னார். வாங்கினேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் பட்டதும் வாசம் போய்விட்டது.

என் பையன்கள் ரெண்டு பேருக்கும் சுவரை விட உள்ளே இருக்கும் படங்கள்தான் பிடித்தது. திப்புவின் மகன்களை வெள்ளைக்கார ஓவியர்கள் வரைந்தது. 1792-இல் திப்பு கும்பினியிடம் தோற்ற பிறகு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், கட்டி முடிக்கும் வரை ரெண்டு பிள்ளைகள் பிணை. எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைகளை யானை மேல் ஏற்றி எதிரி கூடாரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கிருந்து மெட்ராஸ். 1794-இல்தான் திரும்பி வந்தார்கள். சின்னவன் கேட்டான், "ரெண்டு வருஷமும் ஸ்கூலுக்குப் போனாங்களாம்மா?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவன், "நீ அப்பா கடன் கட்டலைன்னா என்னை அனுப்புவியா, அவனை அனுப்புவியா?" என்றான். மைசூர் வரும்வரை காரில் இதே பஞ்சாயத்து.

பெய்லி டஞ்சன் என்று கோட்டைக்குள் ஒரு பாதாளச் சிறை இருக்கு. அதற்குப் படி இறங்க வேண்டும். பெரியவரை மேலேயே நிறுத்தி வையுங்கள், மேலேயிருந்தே ஓரளவு தெரியும். வெள்ளை அடித்த வளைவு வளைவான கூரை, சுவரில் ஓட்டை போட்ட கல் பலகைகள். கையை விரித்து அந்த ஓட்டையில் சங்கிலி மாட்டிக் கட்டுவார்களாம். பையன்கள் ரெண்டு பேரும் போய் கையை விரித்து நின்றார்கள். கல் எட்டவில்லை. எனக்கு அது ஏனோ பிடிக்கவில்லை, இறங்கி வாங்கடா என்று அதட்டிவிட்டேன்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். மாளிகைக்குள் சாப்பிட விடமாட்டார்கள், காவிரி சங்கமம் பக்கம் மரத்தடியில் உட்காரலாம்.

—

கோட்டைமேடு (கோவை)

எல்லோரும் திப்பு மாளிகை, ரோஜாப்பூ என்று உருகுகிறீர்கள். நம் ஊர் பட்டது யாருக்காவது ஞாபகம் இருக்கா? 1790-இல் திப்பு கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் சண்டை. 1791-இல் கோயம்புத்தூர்க் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகை. இன்றைக்குக் கோட்டைமேட்டில் கோட்டை எங்கே? மேடு மட்டும்தான் இருக்கு. கோட்டை ஈஸ்வரனிடம் போய்க் கேளுங்கள். சின்னமலையே முதலில் மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பிடுங்கினவர்தானே?

—

27 வளைவு

தம்பி, பிடுங்கினார் என்றுதான் எங்கள் பக்கமும் சொல்வார்கள். கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கிற சின்னமலை பிடுங்கிக்கொண்டான் என்று போய்ச் சொல் என்றாராம். அப்படிப்பட்டவர்தான் பிறகு திப்புவோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்தார். திப்பு நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்தை நான் ஓட்டிய பஸ்ஸில் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். பண்ணாரியில் ஆரம்பித்தால் சாம்ராஜ்நகர் வரைக்கும் முடியாது. ஒரு தடவை கண்டக்டர் ரெண்டு பேரையும் ஆசனூரில் இறக்கிவிடப் போனார். இங்கே அதை ஆரம்பிக்க வேண்டாம், அம்மிணி கேட்டது முட்டி வலிக்காரரை எப்படிக் கூட்டிப் போவது என்று.

ஆனால் உங்கள் கோயம்புத்தூர் முற்றுகையைச் சொன்னது நல்லது. அந்தக் கோட்டையைச் சின்னப் படையோடு மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்த சால்மர்ஸ் என்ற கும்பினி லெப்டினன்ட், 1791 நவம்பரில் சரணடைந்து கைதியாகப் போனது எந்த ஊருக்கு? ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத்தான். அடுத்த பிப்ரவரியில் கும்பினி கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அங்கத்திய கோட்டையைச் சூழ்ந்தபோது, அதே சால்மர்ஸ் கையில் சமாதானக் கடிதத்தைக் கொடுத்துத்தான் திப்பு அனுப்பினார். அந்த வருஷ ஒப்பந்தத்தில் சேலம், பாரமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரி) பக்கமெல்லாம் கும்பினிக்குப் போய்விட்டது. கோயம்புத்தூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஆக அந்த ஊர் நமக்குப் பக்கத்து மாநிலச் சுற்றுலா இடம் இல்லை தம்பி, நம் பெரியவர்கள் வரி கட்டிய ஊர்.

அம்மிணிக்கு இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்த வீட்டில் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்த விஷயம் இது.

1799 மே 4-ந் தேதி மத்தியானம் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை கும்பினியிடம் விழுந்தது. காவிரியில் தண்ணீர் வற்றியிருந்த நேரம், ஆற்றுக்குள் இறங்கி நடந்தே வந்தார்கள். மழை பிடித்து வெள்ளம் வந்திருந்தால் அந்தப் படையே நகர்ந்திருக்க முடியாது. முன்னால் நின்று நடத்தியவர் டேவிட் பெயர்ட். யார் இவர்? புள்ளலூரில் பெய்லியோடு பிடிபட்டு இதே ஊரில் 44 மாசம் சிறையில் கிடந்தவர். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "எங்க டேவியோட கட்டப்பட்டவன் பாவம்" என்றாளாம் அவர் அம்மா. மகனின் முன்கோபம் தாய்க்குத் தெரியும். பெய்லி 1782-இல் சிறையிலேயே செத்துப்போனார். பெயர்ட் பிழைத்துப்போய், அதே கோட்டைக்குள் வாளோடு திரும்ப நுழைந்தார்.

ஆனால் ஜெயித்த பிறகு ஊரின் பொறுப்பு பெயர்டுக்குப் போகவில்லை. கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லிக்குப் போச்சு. (1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்தவர் இவர்தான். தம்பி என்ற தகுதி அந்தக் காலத்திலேயே இருந்திருக்கு. எங்கள் டிப்போவில் ரூட் மாற்றல் வரும்போதெல்லாம் பெயர்டை நினைத்துக்கொள்வேன்.) வெல்லெஸ்லி குடியிருந்தது இந்தத் தரியா தௌலத்தில். தினம் காலையில் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தால் எதிரே என்ன? தன் நாட்டுப் படை செத்து விழுகிற சுவர். பல்லக்கில் விரலைக் கடிக்கிற பெய்லி. நான் எதிர்பார்த்தது, ஒரு வாளி சுண்ணாம்பு எடுத்து அடித்துவிட்டிருப்பார் என்று. அடிக்கவில்லை. போர்க்காலத்தில் சிதைந்திருந்த படத்தைத் திரும்ப எழுத வைத்தார். பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் இன்னொரு தடவை புதுப்பித்தார்கள். இன்றைக்கு நாம் பார்ப்பது அப்படித் தப்பித்து வந்த படம்.

ஏன் என்று யோசித்திருக்கேன். பெருந்தன்மை என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. நாட்டையே பிடித்த பிறகு சுவரில் இருக்கிற தோல்வி உறுத்தாது, அழகாகக்கூட இருக்கும். அதோடு அது நல்ல வீடு, காற்று வரும், நிழல் இருக்கும், குடியிருக்க வேண்டும். கோட்டைக்குள் இருந்த திப்புவின் பெரிய அரண்மனை லால் மகாலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதைப் பிரித்துவிட்டார்கள். அதன் பெரிய மரங்களை மலை ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோய் செயின்ட் ஸ்டீபன் சர்ச் கட்டினார்கள். 1831-இல் திறந்த சர்ச். கூரையைத் தாங்குகிற உத்தரம் திப்பு அரண்மனை மரம். ஊட்டி போகிற நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. வர்க்கியும் டீத்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

—

அறச்சலூர் வடக்கு

டிரைவர் அண்ணா சொன்னதைப் படித்ததும் ஓடாநிலைதான் ஞாபகம் வந்தது. சின்னமலை கோட்டையில் குடியிருக்க எவனும் வரவில்லை. வெள்ளைக்காரன் பீரங்கி வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போய்விட்டான். அதனால் எங்களுக்கு இருப்பது மணிமண்டபம், சிலை, ஆடிப் பதினெட்டுக்குக் கார் வரிசை. வீடு இல்லை. ஒரு தூண், ஒரு நிலவாசல் மிஞ்சியிருந்தால்கூட எங்கள் அப்பாரு அதைத் தொட்டுக் காட்டியிருப்பார். அவர் காட்டியது ஒரு மேட்டை. இங்கேதான் கண்ணு என்று கைத்தடியால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு இடத்தில் விழும்.

அப்பிச்சியைக் கூட்டிப் போங்கள். சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையைத் தூக்கில் போட்ட இடத்தை அவரால் ஏறிப் பார்க்க முடியாது, இங்கே முடியும்.

—

மல்பெரித் தோட்டம்

எல்லோருக்கும் நன்றிங்க. போய்விட்டு வந்தாச்சு. மைசூரில் ஒரு ராத்திரி தங்கினோம், டிரைவர் அண்ணா பேச்சைக் கேட்டது நல்லதாய்ப் போச்சு. திம்பத்தில் அப்பிச்சி நன்றாகத்தான் இருந்தார், நான்தான் பதினாறாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

சின்னமலை பேர் அங்கே இல்லை என்று ஆசனூர் டீக்கடையில் சொன்னேன். டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அவன் ஊட்டுல நம்மாளு பேரு எதுக்கு. நம்மாளு ஊட்டுல அவன் பேரு இருந்ததா?" என்றார்.

மேற்குத் தாழ்வாரத்தில் சொன்ன மாதிரியே நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு அம்மா, "இங்க என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். கண் பழகட்டும் என்றேன், அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாலைந்து நிமிஷத்தில் பையன்தான் முதலில் கத்தினான், "அம்மா, குதிரை!" அதற்கப்புறம் மீசை எண்ண ஆரம்பித்து, நூற்றுப் பதினாலு வரை போய் எந்த வரிசையில் விட்டோம் என்று குழம்பித் திரும்ப முதலிலிருந்து எண்ணினான். பன்றியைக் கண்டுபிடித்துவிட்டான். பெய்லியின் விரலை நான் கண்டுபிடித்தேன். சின்னதுங்க. தெரியாமல் போனால் தாண்டிவிடுவோம். பார்த்த பிறகு கண் திரும்பத் திரும்ப அங்கேதான் போகுது.

அப்பிச்சி படத்தை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. அவர் தூணைப் பார்த்தார். இளவயசில் மரம் அறுக்கிற மில்லில் இருந்தவர். கிட்டப் போய் விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்தார். காவலாளி வந்து கன்னடத்தில் ஏதோ சத்தம் போட்டார், தொடக்கூடாது என்றுதான் இருக்கும். அப்பிச்சி தமிழில், "தேக்கு, நல்ல வயிரம்" என்றார். காவலாளி இவர் முகத்தையும் கைத்தடியையும் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கிழக்குத் தாழ்வாரத்தில் போட்டார். அங்கே தஞ்சாவூர் ராஜாவுக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பையன் டேவிட் பெயர்ட் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டான். சிறையில் கிடந்த ஊருக்கே திரும்பி வந்து ஜெயித்தவனுக்கு வீடு கொடுக்கவில்லையா என்று அப்பிச்சிக்குக் கோபம்.

திப்பு சமாதிக்கும் போனோம். ஹைதருக்காகத் திப்பு கட்டியது, கடைசியில் தாய் தகப்பனுக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். சுற்றிலும் கறுப்புக் கல் தூண், முகம் தெரிகிற வழவழப்பு. அப்பிச்சி அதில் தன் முகத்தைப் பார்த்துத் துண்டைச் சரி பண்ணிக்கொண்டார். டஞ்சன் பக்கம் பையனை மட்டும் கீழே அனுப்பினேன், திருப்பூர் அக்கா சொன்ன மாதிரியே கையை விரித்து நின்றான். நானும் அதட்டினேன்.

சங்கமத்தில் தயிர்சாதம். காவிரியில் காலை நனைத்துக்கொண்டு, "இது பவானிக்கு வர எத்தனை நாளாகும்?" என்று அப்பிச்சி கேட்டார். நடுவில் மேட்டூர் அணை இருக்கே, அவர்கள் திறந்தால்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

வரும் வழியில் ஊட்டி சர்ச் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மலை ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோன உத்தரம் எத்தனை அடி நீளம், எந்த வழியாக ஏற்றினார்கள், யானையா மாடா என்று வீடு வரும்வரை கேள்வி. இப்போது அந்த மரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டுமாம். சாக்கிப் புழு நாளைக்கு வருது, இனி ஒரு மாசத்துக்கு நகர முடியாது. அடுத்த இடைவெளிக்குள் யாராவது சொல்லுங்கள்: செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்கு ரோட்டிலிருந்து ஏறப் படி எத்தனை? வண்டி மேலே வரை போகுமா?